இலவசச் சாக்கில் கத்தரி நட்ட கதை: மாடித்தோட்டத் தொட்டித் தேர்வில் தவிர்க்க வேண்டியவை

போன ஞாயிறு காலை எதிர்வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு சிமென்ட் சாக்குகள் வரிசை பிடித்து நின்றன. வாயை மடித்து, மண் நிரப்பி, ஆளுக்கொரு கத்தரி நாற்று. புதிதாகத் தோட்டம் போடும் அந்தத் தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. "தொட்டிக்கு ஒரு பைசா செலவில்லை அண்ணே" என்றார். எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே மதுரை வெயிலில், இதே மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, இதையேதான் சொன்னேன்.

அடியில் ஓட்டை போட மறப்பது, சின்னத் தொட்டியில் முருங்கை நடுவது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அவற்றைச் செடியே சீக்கிரம் சொல்லிக்கொடுத்துவிடும். தாமதமாகத் தெரியவரும் தவறுகள்தான் வயிற்றெரிச்சல்.

பிளாஸ்டிக் சாக்கு

சிமென்ட், அரிசி, மாட்டுத்தீவனம், உரம் என்று எதற்கு வந்த சாக்காக இருந்தாலும் நெய்திருப்பது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் நாடாவால். கிடங்கிலும் லாரியிலும் மூட்டை கிழியாமல் இருப்பதற்காகச் செய்தது அது. வருடம் முழுக்க மொட்டை மாடியில் காய்வதற்காகச் செய்தது அல்ல. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்க்கை போதுமான அளவு இல்லாவிட்டால் வெயில் அந்த நாடாவைச் சில மாதங்களில் தின்றுவிடும்.

என் கதை இது. ஒரு வருடச் சமையலறைக் கழிவை மக்க வைத்துச் சேர்த்த உரம், ஒரு வண்டி செம்மண், தென்னைநார்க் கழிவு எல்லாவற்றையும் கலந்து, தை மாதத்தில் முப்பது சாக்கு நிரப்பினேன். கத்தரி, தக்காளி, வெண்டை எல்லாம் நன்றாகவே காய்த்தன. சித்திரை வெயிலில் சாக்கின் நிறம் கொஞ்சம் வெளுத்தது. நான் கண்டுகொள்ளவில்லை. ஆடிக்காற்று எழுந்த அன்று ஒரு சாக்கைச் சுவர் ஓரமாக நகர்த்தலாம் என்று விளிம்பைப் பிடித்தேன். பொரித்த அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. விரல் முழுக்க வெள்ளைத் தூள். மண் அப்படியே மாடியில் சரிந்தது.

மண் சரிந்ததுகூடப் பரவாயில்லை, வாரிக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் நாடா நாடாவாக, நூல் நூலாக, கடைசியில் தூளாகவே பிளாஸ்டிக் கலந்திருந்தது. இரண்டு நாள் சல்லடை போட்டுச் சலித்தேன். நீள நூல்கள் மேலே நின்றன. ஒரு அங்குலத்துக்கும் குறைவானவை மண்ணோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டன. இன்றைக்கும் நாற்று பிடுங்கினால் வேரில் ஒரு வெள்ளை நூல் சுற்றிக்கொண்டு வருகிறது. பூச்சிமருந்து தெளிக்க மாட்டேன், ரசாயன உரம் தொட மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தவன், மண்ணுக்குள் கைப்பட பிளாஸ்டிக்கை விதைத்திருக்கிறேன். சாக்கு இலவசம், போனது ஒரு வருட மண்.

சிமென்ட் சாக்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மடிப்பில் ஒட்டியிருக்கும் சிமென்ட் மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். ஏற்கெனவே நம் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர்.

ஏற்கெனவே நிரப்பிவிட்டவர்கள் வாரம் ஒருமுறை விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைத் தூள் வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். காய்ப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தூள் வராத சாக்கைச் சுற்றிப் பழைய வேட்டியோ சணல் சாக்கோ கட்டி வெயிலை மறைத்தால் ஒரு பட்டம், அதாவது ஒரு சாகுபடிப் பருவம், தாங்கும். சணல் சாக்கிலேயே நேரடியாக நடலாமா என்றால் தாராளமாக நடலாம். மூன்று நான்கு மாதத்தில் அடி இற்றுப்போகும், ஆனால் இற்றது மண்ணோடு மக்கிவிடும். கீரைக்கு அந்த ஆயுள் போதும்.

காசு கொடுத்துக் குரோபேக் (செடி வளர்க்கும் பை) வாங்குவதானாலும் இதையேதான் கேட்க வேண்டும்: புற ஊதாக் கதிர் தாங்குமா? கடைக்காரர் "எல்லாம் தாங்கும்" என்பார். தடிமனைக் கேளுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் கீழே என்றால் நான் வாங்குவதில்லை.

நீல டிரம்

பாதியாக அறுத்த 200 லிட்டர் டிரம் எலுமிச்சைக்கும் பப்பாளிக்கும் அருமையானது. ஆனால் முன்பு அதில் என்ன இருந்தது என்று பழைய சாமான் கடைக்காரருக்கே தெரியாது. லேபிளைக் கிழித்திருந்தால் வாங்காதீர்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: வாசனையில்லாத விஷமும் உண்டு. எண்ணெய், பழக்கூழ், குளுக்கோஸ் சிரப் வந்த டிரம்களை உணவுத் தொழிற்கூடங்களிலேயே கேட்டு வாங்கலாம்.

எடையும் பார்க்க வேண்டும். பாதி டிரம் 100 லிட்டர். வெறும் தண்ணீர் ஊற்றினாலே 100 கிலோ. நனைந்த மண் அதைவிடக் கனம். மாடி நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்தில், செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டி வைத்தால் ஓதம் ஏறி, கீழ்வீட்டுக் கூரையில் கோலம் போடும்.

டயர்

வேண்டாம்.

அடியில் ஜல்லி

தண்ணீர் வடியும் என்று மூன்று அங்குலத்துக்கு ஜல்லியோ ஓட்டுச்சில்லோ போடும் வழக்கம் எங்கள் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. நடப்பது நேர் எதிர். நுண்ணிய மண் நன்றாக ஊறிச் சொதசொதக்கும் வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. ஆக, வேர் அழுகும் ஈரப்பகுதி மூன்று அங்குலம் மேலே வந்துவிடுகிறது, மண்ணின் ஆழமும் குறைகிறது. ஓட்டையை மறைக்க ஒரே ஒரு ஓட்டுச்சில் போதும்.

கீரைக்கு ஆழத் தொட்டி

வீண். கீரைக்கு அரையடி ஆழம் போதும், அகலம்தான் வேண்டும். மிச்சம் பிடித்த ஆழத்தைப் புடலைக்கும் பாகலுக்கும் கொடுங்கள். அவற்றுக்கு ஒன்றரை அடி கேட்கும்.

எண்ணெய் டின்

மே மாதம் தொட்டுப் பாருங்கள்.

பெயிண்ட் வாளியை ஒதுக்குவது

இதுவும் தவறுதான். 20 லிட்டர் வாளி, தண்ணீரில் கரையும் எமல்ஷன் வந்தது, எந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் கிடைக்கும். காய்ந்த பெயிண்டைத் தோல் உரிப்பது போல உரித்து எடுத்துவிடலாம். எனாமலும் தின்னரும் வந்த வாளி மட்டும் வேண்டாம். ஓட்டையை அடியில் போடாமல் பக்கவாட்டில், அடியிலிருந்து அரை அங்குலம் மேலே, சுற்றிலும் ஆறு இடத்தில் சூட்டுக்கம்பியால் போடுங்கள், தரை அடைக்காது. இதுவும் இரண்டு மூன்று வருடத்தில் வெடிக்கத்தான் செய்யும். ஆனால் பெரிய பெரிய சில்லாக உடையும், கையால் பொறுக்கிவிடலாம். எதிர்வீட்டுத் தம்பிக்கு என்னிடம் இருந்த நான்கு வாளியைக் கொடுத்திருக்கிறேன். இன்னும் எட்டு பாக்கி.