பெண்கள் ஒதுக்கீட்டு இட வழக்குகள்: புது வழக்கறிஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் இளம் வழக்கறிஞர்கள் எழுதிவரும் மனுக்களைப் படிக்கிறேன். போன தேர்தலில் எந்த மனு தள்ளுபடியானதோ அதுவே வேட்பாளர் பெயரும் ஊராட்சியும் மட்டும் மாறி மறுபடி வருகிறது. பக்க எண் விடுபட்டது, கட்டண வில்லை குறைந்தது போன்றவற்றை நீதிமன்ற அலுவலகமே குறித்துத் திருப்பித் தந்துவிடும், அவை சரிசெய்யக்கூடியவை. ஒரு பெண்ணின் ஐந்தாண்டு வாய்ப்பைப் பறித்துவிடும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

தேர்தல் தொடங்கிய பிறகு ரிட் மனுவோடு ஓடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவி. பரிசீலனையின்போது ஒரு பெண்ணின் வேட்புமனுவைச் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டார்கள். அவருடைய வழக்கறிஞர் அன்று மாலையே அதிகாரியின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனுவைத் தயார் செய்து போனார். அரசு வழக்கறிஞர் ஊராட்சித் தேர்தலைத் தேர்தல் மனு மூலம் மட்டுமே எதிர்க்க முடியும் என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 243-ஓ பிரிவைக் காட்டினார். அவ்வளவுதான். “தேர்தல் மனு தாக்கல் செய்துகொள்ளலாம்” என்ற ஒரு வரியோடு ரிட் தள்ளுபடியானது.

அந்த ஒரு வரிதான் அவருக்குக் கிடைத்த வழி. ஆனால் வழக்கறிஞர் மேல்முறையீட்டுக்குப் போனார், அதுவும் தள்ளுபடி. பிறகு சான்றிட்ட நகலுக்குக் காத்திருந்தார். வழக்குக் கட்டு என் மேசைக்கு வந்ததும் முடிவு வெளியான தேதியைத்தான் முதலில் தேடினேன். 45 நாள் கெடு எப்போதோ கடந்திருந்தது. அந்த வேட்புமனுவை நிராகரித்தது சரியா தவறா என்று எந்த நீதிபதியும் கடைசிவரை விசாரிக்கவே இல்லை.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 258-ஆம் பிரிவுப்படி தேர்தல் முடிவு வெளியான 45 நாளுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு போட வேண்டும். ரிட் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்த நாட்கணக்கு நிற்காது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் மனுக்களுக்குத் தாமத மன்னிப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1974-லேயே சொல்லிவிட்டது. உள்ளாட்சியில் மட்டும் தளர்வு கிடைக்கும் என்று நம்பிக் கட்சிக்காரரைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

இந்தச் சட்டநிலை புதிதும் அல்ல. நாமக்கல் சட்டமன்றத் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமியின் வழக்கில், தேர்தல் அறிவிக்கை முதல் முடிவு வரை எல்லாமே ‘தேர்தல்’ என்ற சொல்லுக்குள் அடங்கும், நடுவில் நீதிமன்றம் நுழையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1952-இல் தீர்ப்பளித்தது. நம் மாவட்டத்து வழக்கை நம் பிள்ளைகளே படிக்காமல் வருகிறார்கள்.

“2016-இல் அறிவிக்கையையே ரத்து செய்தார்களே” என்று கேட்பார்கள். உண்மைதான். பழங்குடியினர் ஒதுக்கீட்டைச் சுட்டி திமுக தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அக்டோபர் 4 அன்று அறிவிக்கையை ரத்து செய்தார். அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. பெண்களுக்கு 50 சதவீதம் என்று அதே ஆண்டு திருத்திய சட்டம் ஊரகத் தேர்தலில் நடைமுறைக்கு வர 2019 டிசம்பர் ஆனது. மூன்று ஆண்டுகள் அந்தப் பெண்கள் யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. அரிதாகக் கிடைத்த அந்த உத்தரவை ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் வாக்குறுதியாக நீட்டாதீர்கள்.

ஒதுக்கீட்டில் குறை இருந்தால் அறிவிக்கை வருவதற்கு முன்பே வேலையை ஆரம்பியுங்கள். மாவட்ட அரசிதழில் ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்த அன்றே வாங்குங்கள். பழைய அரசிதழ்களையும் எடுத்து, மக்கள்தொகை வரிசையை ஊராட்சி ஊராட்சியாக ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டு இடங்கள் சுழற்சியாக மாறுவது பத்தாண்டுக்கு ஒருமுறை. “போன தடவையும் பெண்களுக்குத்தானே கொடுத்தார்கள்” என்பது மட்டும் வழக்காகாது.

பெண்கள் ஒதுக்கீட்டையும் சேர்த்து 50 சதவீத வரம்பைக் கணக்கிடுவது

பட்டியல் இனம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடுகளின் கூட்டுத்தொகை பாதியைத் தாண்டக் கூடாது என்பதுதான் அந்த வரம்பு. கிருஷ்ணமூர்த்தி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு இதைத் தெளிவாக்கியது. பெண்களுக்கான ஒதுக்கீடு பொது இடங்கள் உட்பட எல்லாப் பிரிவுக்குள்ளும் குறுக்கே ஓடுவது. இரண்டையும் கூட்டி ‘75 சதவீதம் ஆகிவிட்டது’ என்று எழுதினால் மனு முதல் வாசிப்பிலேயே விழும்.

பொதுப் பிரிவுக்கான இடத்தில் பெண் தேர்தலில் நிற்கக் கூடாது என்பது

நிற்கலாம்.

கல்யாணத்தால் சாதி மாறும் என்று நம்புவது

மாறாது. பட்டியல் இனத்தவரை மணந்த வேறு சாதிப் பெண், அந்தப் பிரிவுப் பெண்களுக்கான இடத்தில் போட்டியிட முடியாது. பிறப்பால் பட்டியல் இனத்தவரான பெண்ணின் உரிமை வேறு சாதியில் மணந்தாலும் போகாது. ஆகவே தந்தை பெயரில் உள்ள சான்றிதழைக் கேளுங்கள். கணவர் பெயரில் இருப்பதை மட்டும் நீட்டினால், அது யாருடைய சாதியைச் சொல்கிறது என்று நிதானமாகப் படியுங்கள்.

கணவரிடம் கதை கேட்டு மனு எழுதுவது

“எல்லாம் நான்தான் சார் பார்த்துக்கிறேன்” என்று வேட்பாளரின் கணவர் கோப்போடு வருவார். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவரை உள்ளே கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: எந்த வாக்குச்சாவடி, எண்ணும் மேசையில் யார் இருந்தார்கள், மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுத்தீர்களா. மனுவில் கையெழுத்திட்டுச் சரிபார்ப்பவரும், கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லப் போகிறவரும் அவர்தான். கணவர் சொன்னதை மனைவி பார்த்ததாக எழுதிவைத்தால், எதிர்த்தரப்பின் இரண்டாவது கேள்விக்கே அவர் பதில் தெரியாமல் நிற்பார். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள்.