மழை அடித்து இறுகிய மண்ணை மீட்ட கதை

எங்கள் புளோக்கின் சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி உண்டு. கத்தரி, வெண்டை, ஒரு கறிவேப்பிலை. உரம் போட்டும் இலைகள் மஞ்சளாகிக்கொண்டே வந்தன. காரணம் மழைதான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மூடாத களிமண்ணில் அது அறைந்தால் மேலே ஓடு கட்டிவிடும். கரையும் சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

முதலில் மண்ணைக் குத்திக் கிளறி, மட்கிய உரத்தை நாலு விரல் ஆழத்துக்குக் கலந்தேன். அப்புறம் மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் சருகுப் போர்வை. கீழே பெருக்குபவரிடம் கேட்டுத் தூங்குமூஞ்சி மரத்துச் சருகு ஒரு மூட்டை வாங்கினேன். பொடி இலை, சீக்கிரம் மட்கும். பயறு வகைக் குடும்பம் என்பதால் தழைச்சத்தும் (நைட்ரஜன்) உண்டு. தண்டை ஒட்டிப் போடக்கூடாது, அழுகும். சமையல் கழிவை அப்படியே புதைக்கச் சொல்வார்கள். வேண்டாம் சாமி, எலி வரும்.

சில மாதங்களில், சருகை விலக்கினால் குருணை குருணையாக மண்புழு எச்சம். மழை விட்டதும் தண்ணீர் தேங்குவதில்லை, டெங்கிக் கொசு பயமும் குறைந்தது. கறிவேப்பிலையைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டு வாங்கிப் போகிறார். சருகு மட்கி மண் தெரிந்தால் இன்னொரு அடுக்கு போடுகிறேன், அவ்வளவுதான் வேலை.