மங்கு என்றால் கிண்ணமா, திட்டா? அர்த்தம் பிடிப்பது எப்படி

போன மாதம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து சித்தப்பா மகன் மலேசியாவில் நாங்கள் இருக்கும் பினாங்குக்கு வந்திருந்தான். நாங்கள் வீட்டில் கிண்ணத்தை மங்கு என்போம், மலாயில் மங்கோக் என்பார்கள் என்று வந்த அன்றே சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் நாசி கண்டார் கடையில், அதாவது சோறும் குழம்பும் போடுகிற சாப்பாட்டுக் கடையில், மத்தியானக் கூட்டம். குழம்பு தனியாக வேண்டும் என்று, சோறு போட்டுக்கொண்டிருந்த மலாய்த் தம்பியை நோக்கிக் கையை நீட்டி “மங்கோக்!” என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டான். தம்பி கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். நான் முன்னால் போய், “குவா சத்து மங்கோக், அபாங்” (குழம்பு ஒரு கிண்ணம், அண்ணே) என்று சொல்லி மன்னிப்பும் கேட்ட பிறகுதான் அவர் முகம் இளகியது. தப்பு என் மேல்தான். சொல்லைக் கொடுத்தேன், அதை எங்கே எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சொல் தனியாக நிற்கிறதா, துணையோடு வருகிறதா என்பது. சத்து மங்கோக் என்றால் ஒரு கிண்ணம், மங்கோக் கோசோங் என்றால் காலிக் கிண்ணம், மங்கோக் திங்காட் என்றால் சாப்பாடு எடுத்துப் போகிற அடுக்குத் தூக்கு, குவே மங்கோக் என்றால் சின்னக் கிண்ணத்தில் மாவை ஊற்றி அவித்து எடுக்கிற, மேலே பூப்போல வெடித்திருக்கிற இனிப்புப் பலகாரம். கழிப்பறையில் இருப்பதும் மங்கோக் தண்டாஸ்தான். இப்படித் துணைச் சொல் இருந்தால் பயமில்லை. ஆளைப் பார்த்துத் தனியாக மங்கோக் என்றால் மட்டும் அது மடையன், மக்கு என்று ஆகிவிடும். பின்னால் ஹாயுன் சேர்ந்தால் இன்னும் கனமான திட்டு. நெருங்கிய நண்பர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதைக் கேட்டுவிட்டு நீங்களும் சொல்லிப் பார்க்காதீர்கள், அவர்கள் பழக்கம் வேறு.

அப்புறம் அகராதி. மலாய்க்கு, மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் காமுஸ் டேவான் என்ற அகராதி இருக்கிறது, முதல் பதிப்பு 1970-ல் வந்தது. அந்த நிறுவனத்தின் இணையத் தேடல் பக்கத்தையும் பயன்படுத்தலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய புத்தகங்களில் கடைசி அசை ஓகாரமாக, மங்கோக் என்று இருக்கும், இப்போது மங்குக் என்றுதான் எழுத வேண்டும், கிராமத்தைக் குறிக்கும் கம்போங், கம்புங் ஆன மாதிரி. ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள். பேசும்போது கடைசி ‘க்’ தொண்டையிலேயே நின்றுவிடுவதால் நம் காதில் மங்கு என்றுதான் விழும்.

தமிழ்ப் பக்கம் வந்தால் கதை இன்னும் அடர்த்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் தேடலாம். மங்கு என்று தேடுவதற்கு முன், உங்கள் வாக்கியத்தில் அது வினையா பெயரா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். விளக்கு மங்கியது என்றால் வினை. பெயர் என்றால் கூட வருகிற வினையைப் பாருங்கள். மங்கு கழுவினால் பாத்திரம், முகத்தில் மங்கு விழுந்தால் தோலில் படரும் கருமை, மங்கு சனி நடக்கிறது என்றால் ஜாதகத்தில் ஏழரைச் சனியின் முதல் சுற்று. இந்த ஒரு சோதனை பெரும்பாலும் போதும்.

பாத்திர மங்கு கடல் தாண்டியும் இருக்கிறது. காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் எனாமல் பாத்திரங்களை மங்குச் சாமான் என்றே சொல்வார்கள். மலாய்ச் சொல்தான் கப்பலேறிப் போயிருக்கும் என்பது என் எண்ணம். எங்கள் அப்பத்தாவின் மங்கு இன்னும் என்னிடம் இருக்கிறது: வெள்ளை எனாமல், விளிம்பில் நீலக்கோடு, ஒரு பக்கம் பூச்சு உதிர்ந்து உள்ளேயிருக்கும் இரும்பு கறுப்பாகத் தெரியும். கரண்டி பட்டால் பீங்கான் மாதிரி கிணுங்காது, தகரம் மாதிரி தட்டும்.

மங்குனி என்று தமிழ்நாட்டில் திட்டுவதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். அது மங்குதல் என்கிற வினையோடு சேர்ந்தது, அறிவு மங்கியவன் என்கிற அர்த்தம். மலாயில் பாத்திரத்தின் பெயர் ஆள் மேல் ஏறியது. இரண்டும் வேறு வேறு வழியில் நடந்து வந்து ஒரே வசவில் நிற்கின்றன. சொம்பு தூக்கி என்று காக்காய் பிடிப்பவனைச் சொல்வதும் இந்த வகைதான், தூக்கி என்ற துணை இல்லாவிட்டால் சொம்பு தண்ணீர்ச் சொம்புதான்.

கடைசியாகப் பிள்ளைகள் விஷயம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அக்கா மகள் ஒருநாள் பள்ளி விட்டு வந்து, கூடப் படிக்கிறவன் மங்கோக் என்று சொன்னான் என்று அழுதாள். “மங்குன்னா பாத்திரம்தானேடி, அதுக்குப் போயி ஏன் அழுவுற?” என்றாள் அக்கா. பிள்ளை இன்னும் பெரிதாக அழுதது. அப்படிச் சமாதானம் சொல்லாதீர்கள். யார் சொன்னான், எப்போது சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்களா என்று கேளுங்கள். சிரித்தார்கள் என்றால் அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம், அதற்குத் தகுந்த மாதிரி ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.