வேலூரில் தெருச் சத்தத்தை அளக்க: ஆறு பெட்டி, ஒரே அளவு

ஊரில் ஆறு இடத்தில் மைக் வைத்த பெட்டிகளை மாட்டித் தெருச் சத்தத்தை அளக்கப்போகிறோம். எந்த மைக் வாங்குவது என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. அதற்குப் பதில் சுலபம். ஆறு பெட்டியும் ஒரே சத்தத்துக்கு ஒரே எண்ணைக் காட்டவேண்டுமே, பாதி வேலை அதிலேயே போய்விடும்.

கைதட்டினால் விளக்கு எரியும் மலிவு சவுண்ட் சென்சார் போர்டுகள் இதற்கு ஆகாது. மேக்ஸ்9814 மைக் போர்டும் வேண்டாம். சத்தம் கூடினால் அதுவே பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும், லாரி ஹாரனும் டீக்கடைப் பேச்சும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும். ஐஎன்எம்பி441 டிஜிட்டல் மைக்கும், அது தருவதைக் கணக்கிட்டு எழுத ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டும் போதும். இந்த மைக்கின் சொந்த இரைச்சலே 33 டெசிபல், அதனால் 40-க்குக் கீழே வரும் எண்களை நம்பவேண்டாம். மேலே 120 வரை தாங்கும்.

மைக்குக்கு 3.3 வோல்ட் மட்டும் கொடுங்கள், 5 வோல்ட் கொடுத்தால் போய்விடும். ஒயர் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பலரும் தவறுவது ஒன்று உண்டு: சத்தம் நுழையும் துளை, பளபளக்கும் டப்பா இருக்கும் பக்கத்தில் இல்லை. போர்டைத் திருப்பினால் மறுபக்கம் குண்டூசித் தலையளவு ஓட்டை தெரியும். அதுதான் வெளியே பார்க்கவேண்டும். பற்றவைக்கும்போது அதில் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டத் தடவும் பசை) இறங்கினால் மைக் செவிடு; முன்பே டேப் ஒட்டிவிடுங்கள்.

நிரலில் விநாடிக்கு 48,000 சாம்பிள், ஏ-வெயிட்டிங் வடிகட்டி (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பச் சத்தத்தை எடைபோடுவது), நிமிடத்துக்கு ஒரு சராசரி. ஆன் ஆனதும் வரும் முதல் அரை விநாடியை எறிந்துவிடுங்கள். சராசரியை டெசிபலில் போடாமல் ஆற்றலில் போடவேண்டும். அரை நிமிடம் 50, அரை நிமிடம் 80 என்றால் விடை 65 அல்ல, 77. இன்னொரு கண்ணி: 94 டெசிபலுக்கு மைக் தருவது முழு அளவுக்கு (அது காட்டக்கூடிய உச்ச எண்ணுக்கு) 26 டெசிபல் கீழே, ஆகவே மைக்கின் எண்ணோடு 94-ம் 26-ம் சேர்ந்த 120 கூட்டினால் போதும் என்று தோன்றும். அந்த 26 சைன் அலையின் உச்சத்தை வைத்துச் சொன்னது. நீங்கள் ஆர்எம்எஸ் (அலையின் உச்சம் அல்ல, ஆற்றல் வழிச் சராசரி) கணக்கிட்டால் இன்னும் 3 கூட்டவேண்டும்.

ஒலிப்பதிவு எதையும் சேமிக்காதீர்கள், எண் மட்டும் போதும். பக்கத்து வீட்டுப் பேச்சு உங்கள் மெமரி கார்டில் இருந்தால் அந்தத் தெருவில் மறுபடி பெட்டி மாட்ட முடியாது.

இனி முக்கியமானது. ஆறு பெட்டியையும் ஃபோம் உறையோடு, மாட்டப்போகும் அதே கோலத்தில், ஒரே மாடியில் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக 24 மணி நேரம் வையுங்கள். நடுவில் கிளாஸ் 2 தரச் (துல்லியத்தில் இரண்டாம் நிலை) சவுண்ட் லெவல் மீட்டர் ஒன்று; கல்லூரி ஆய்வகத்தில் இரவல் கிடைக்கும். மீட்டருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து அந்தந்தப் பெட்டியின் திருத்தமாக ஏற்றுங்கள். காலையில் ஒரு வித்தியாசம், இரவில் வேறு என்று வந்தால் துளைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே காற்றுப்பை இருக்கலாம். ரப்பர் வாஷர் வைத்து அடையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யவேண்டும். பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருப்பது அப்போதுதான் தெரியும்.

இடம்: தரையிலிருந்து 4 மீட்டர், துளை கீழ்நோக்கி. சுவரை ஒட்டி மாட்டவேண்டாம், எதிரொலி எண்ணைக் கூட்டிவிடும். சத்துவாச்சாரியில் பைபாஸ் ஓரம் ஒன்று, க்ரீன் சர்க்கிள் பக்கம் ஒன்று, சி.எம்.சி. மருத்துவமனை அருகே ஒன்று, காட்பாடி காந்தி நகர் உள்தெருவில் ஒன்று என்று தன்மை மாறும்படி பிரியுங்கள். ஏசி வெளிப்பெட்டிக்குப் பக்கம் மட்டும் வேண்டாம்.

வேலூர் வெயிலில் கறுப்புப் பெட்டி அடுப்பு. வெள்ளைப் பெட்டி வாங்குங்கள், பவர் பேங்க்கை நிழலில் தனியாக வையுங்கள். 10,000 எம்.ஏ.எச். என்றால் கரண்ட் இல்லாமல் சுமார் இரண்டு நாள் ஓடும். ஆனால் கரண்ட் போய் வரும் கணத்தில் சில பவர் பேங்க் ஒருமுறை வெட்டும். போர்டு ரீஸ்டார்ட் ஆகி, சரியான நேரம் கிடைக்கும்வரை 1970 தேதியில் எழுதும். அந்த வரிகளை நீக்குங்கள். காற்று விநாடிக்கு 5 மீட்டரைத் தாண்டிய நேரத்தையும் மழை நேரத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

ஒப்பிட 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன: குடியிருப்பில் பகல் 55 டெசிபல், இரவு 45, வணிகப் பகுதியில் 65, 55, அமைதி மண்டலத்தில் 50, 40. இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 வரை. ஒரு நிமிட எண்ணை எடுத்து விதி மீறல் என்று கிளம்பாதீர்கள், முழு இரவின் சராசரியைத்தான் ஒப்பிடவேண்டும். அதுவும் மலிவு மைக்கின் எண் புகாருக்குத் துணைதான். சட்டப்படி நிற்பது முறையான மீட்டரின் அளவு.

குறைந்தது இரண்டு வாரம் ஓடட்டும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து முகூர்த்த நாள், ஆடி மாதம் அம்மன் கோவிலில் கூழ் வார்த்தல், விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். கூத்து நடந்த இரவைச் சாதாரண இரவோடு கலந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். அந்த இரவுகளுக்குத் தனி அட்டவணை போடுங்கள்.