கையெழுத்துப் போட்ட பிறகும் வீட்டில் என் பங்கை மீட்டது எப்படி

கலிஃபோர்னியாவில் வீட்டுக் கடனை ரீஃபைனான்ஸ் செய்தபோது (பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் எடுப்பது), "உன் கிரெடிட் ஸ்கோர் குறைவு. இப்போதைக்கு உன் பெயர் வேண்டாம், அப்புறம் சேர்த்துக்கலாம்" என்றார் கணவர். நம்பி, வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் க்விட்கிளெய்ம் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். நம்மூர் விடுதலைப் பத்திரம் மாதிரிதான் அது.

இரண்டே வருடத்தில் விவாகரத்து வழக்கு. "வீடு என் பெயரில்தான் இருக்கிறது" என்றார். அன்று இரவு நான் தூங்கவே இல்லை.

வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. கலிஃபோர்னியாவில் திருமணத்துக்குப் பின் சம்பாதித்து வாங்கியது பொதுவாக இருவருக்கும் சொந்தம். தம்பதிக்குள் எழுதிய பத்திரம் ஒருவருக்கு மட்டும் ஆதாயம் தந்தால், அது தகாத செல்வாக்கில், அதாவது மற்றவரின் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தி நடந்தது என்றுதான் நீதிமன்றம் முதலில் கருதும். குடும்பச் சட்டம் 721-ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. மனைவி முழு விவரம் தெரிந்து, விரும்பிப் போட்ட கையெழுத்து என்று நிரூபிக்க வேண்டியது ஆதாயம் பெற்றவர்தான். 1995-லேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே மாதிரி க்விட்கிளெய்ம் வழக்கில் இதை உறுதி செய்திருக்கிறது.

"அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று அவர் அனுப்பிய மெசேஜைத் தேடி எடுத்தேன். கூட்டுக் கணக்கிலிருந்து தவணை கட்டிய ஸ்டேட்மெண்டுகளையும் சேர்த்தேன். அவர் அவசரமாக விற்றுவிடக் கூடாதே! வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற அறிவிப்பைக் கவுண்டி பதிவகத்தில் பதிவு செய்தோம். அதற்குப் பிறகு வாங்க யாரும் துணியமாட்டார்கள்.

விசாரணை வரை போகவில்லை. சமரசப் பேச்சில், கடன் போக மீதியில் பாதியை எனக்குத் தர ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று: கடனிலும் உங்கள் பெயர் இருந்தால், பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. கடனிலிருந்து உங்கள் பெயரை நீக்கும் ரீஃபைனான்ஸ் முடியும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்.