கியாந்திக்கு கிராவல் சைக்கிளோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை தார்ச்சாலையில் அசராமல் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் கிராவல் சைக்கிளோடு, அதாவது சரளைச் சாலைக்கென்று அகல டயர் போட்ட சைக்கிளோடு, கியாந்திக்குப் போகும்போதும் ஒரு நாளைக்கு 100 என்றே திட்டம் போடுகிறார்கள். முதல் தவறு அதுதான். மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் பிறக்கிறது.

கியாந்தி என்பது இத்தாலியின் டஸ்கனியில், ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவில் இருக்கும் மலைப்பகுதி. திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, ஓக் காடு, ஊடே தார் போடாத வெள்ளைச் சரளைச் சாலைகள். அந்தச் சாலைகள் இன்றும் மிச்சம் இருப்பதற்கு 1997-இல் காயோலே என்ற சிற்றூரில் தொடங்கிய லெரோய்க்கா என்ற, பழைய காலத்து சைக்கிள்களில் போகும் ஓட்டமும் ஒரு காரணம், தார் ஊற்றி மூடிவிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே அதை ஆரம்பித்தார்கள். அதன் பெரிய சுற்று 209 கிலோமீட்டர், 3,500 மீட்டருக்கு மேல் ஏற்றம். இருட்டில் கிளம்பி இருட்டிலேயே திரும்பி வருகிறவர்கள் அதில் நிறையப் பேர். இதிலிருந்தே கணக்குப் போட்டுப் பாருங்கள், 60 கிலோமீட்டர் போனாலே ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏறிவிடுவீர்கள். தாரில் மணிக்கு 25 போகிறவர் இங்கே 14, 15 போனால் நல்ல வேகம். அதனால் நாளுக்கு 50, 60 போதும். மாலை வெளிச்சம் குறையக் குறைய, நேரமாகிவிட்டதே என்று இறக்கத்தில் பிரேக்கை விடும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள்.

அடுத்தது டயர் காற்று. இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். முதல் நாள், வாடகைக்கு எடுத்த சைக்கிளை கடையில் அடித்துக் கொடுத்த காற்றோடு அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். கல் போல இருந்தது. பத்து கிலோமீட்டருக்குள் உள்ளங்கை மரத்துவிட்டது, அப்புறம் ஒரு சாதாரண வளைவில் முன் சக்கரம் பொடிக்கல்லில் வழுக்கி முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. சுமார் 70 கிலோ எடை உள்ளவருக்கு 40 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ போதும். உள்ளே ட்யூப் இருந்தால் கொஞ்சம் கூட்டி வையுங்கள், இல்லையென்றால் கல்லில் இடித்து ட்யூப் நசுங்கி பஞ்சராகும். ட்யூப்லெஸ்தான் இருக்கிறதே என்று மாற்று ட்யூப் இல்லாமல் போகாதீர்கள். கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டால் உள்ளே இருக்கிற பசை எதுவும் செய்யாது. மாற்று ட்யூப் போட ட்யூப்லெஸ் வால்வை எடுத்தாக வேண்டும், அதனால் அதன் நட்டைக் கையால் கழற்ற முடிகிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கியரில் தாராளமாக இருங்கள். முன்னால் 40 பல் என்றால் பின்னால் பெரிய பல்சக்கரம் 40-க்குக் குறையவே கூடாது, அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. சியேனா பக்கத்தில் லே தோல்ஃபே என்று ஒரு மேடு, 18 சதவீதம் வரை செங்குத்து, அதுவும் சரளையில். தார்ச்சாலைப் பழக்கத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். உட்கார்ந்தபடியே, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, சின்ன கியரில் நிதானமாக மிதிக்க வேண்டும். இறக்கத்தில் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

சரி, மழை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது கடைசி வரை புரிவதில்லை. சியேனாவுக்குத் தென்கிழக்கே கிரேதே சேனேசி என்ற களிமண் குன்றுகள் இருக்கின்றன. படங்களில் பார்க்கிற, மரமே இல்லாமல் அலையலையாகப் போகிற நிலம் அதுதான். 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மோந்தே சாந்தே மரியே சரளைச் சாலையும் அங்கேதான் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது சொர்க்கம். மழை பெய்த மறுநாளோ, கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு சைக்கிளை உருட்டியவர்களுக்குத் தெரியும், அதே கதைதான். சாலையை விட்டு வயலோரத் தடத்தில் இறங்கினால் பத்தே சுற்றில் மண் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். அப்போது பலத்தைக் காட்டி மிதிக்கவே கூடாது. செயின் மண்ணோடு சிக்கி, பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரை இழுத்து, அதை ஃபிரேமோடு பிடித்திருக்கிற ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டை உடைத்துவிடும். அதோடு அன்றைய பயணம் முடிந்தது. இறங்கி, குச்சியால் சுரண்டி, ஓரத்துப் புல்லில் உருட்டிப் போய் தார்ச்சாலையைப் பிடியுங்கள். அதைவிட நல்ல வழி, மழை நாட்களில் வடக்கே காயோலே, ராத்தா பக்கம் போய்விடுவது. அங்கே மண்ணில் கல் அதிகம், கலெஸ்த்ரோ என்ற சீவல் சீவலாக உடையும் பாறையும், அல்பெரேசே என்ற சுண்ணாம்புக் கல்லும். தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், திராட்சைக் கொடிக்கு அது எவ்வளவு நல்லதோ நம் டயருக்கும் அவ்வளவு நல்லது.

ஒயின் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாதி வழியில் ஒரு தோட்டத்தில் நான்கு வகை ருசி பார்த்துவிட்டு, அதன் பிறகு சரளை இறக்கத்தில் இறங்காதீர்கள். இத்தாலியில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும், லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற வரம்பு உங்களுக்கும்தான். சட்டம் கிடக்கட்டும், வெயிலில் வியர்வை வடிந்த உடம்பில் இரண்டு கிளாஸே வேலையைக் காட்டிவிடும். சைக்கிளை நிறுத்திவிட்டு மாலையில் போங்கள். பல தோட்டங்களில் முன்பே சொல்லிவைக்காமல் போனால் உள்ளே விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டை நேரத்தோடு பாருங்கள். சின்ன ஊர்களில் மளிகைக் கடை மதியம் ஒரு மணிக்கெல்லாம் மூடிவிடும், திறக்க நான்கு கூட ஆகலாம், ஞாயிறு மதியம் திறக்கவே மாட்டார்கள். காலையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊர்ச் சதுக்கத்தில் குழாய் இருக்கும், ஆனால் ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. ஜூலை, ஆகஸ்ட் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், வெள்ளைச் சாலையில் கண் கூசுவது வேறு, அந்த இரண்டு மாதங்களில் போக வேண்டாம் என்பதே என் யோசனை.

போனில் இருக்கிற வரைபடம் கோடு காட்டுகிறது என்பதற்காகத் திராட்சை வரிசைகளுக்குள் நுழையாதீர்கள். ‘ஸ்த்ராதா பிரிவாதா’ என்று பலகை இருந்தால் அது தனியார் பாதை. லெரோய்க்காவின் பாதைக்கு வருடம் முழுக்கப் பழுப்பு நிறப் பலகைகள் இருக்கின்றன, அதைப் பிடித்துப் போனாலே நல்ல சாலைகள் எல்லாம் வந்துவிடும். கொடியில் தொங்குகிற பழத்தை ஒரு கொத்துகூடப் பறிக்காதீர்கள், அது அவர்களுடைய ஒரு வருட உழைப்பு.

கிரேதே பக்கம் ஆட்டு மந்தையைக் கண்டால் கூடவே பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும், மரேம்மா இனக் காவல் நாய்கள். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் மந்தையை விட்டு விலகி நடந்தால் திரும்பிப் போய்விடும். இலையுதிர் காலத்திலிருந்து ஜனவரி வரை காட்டுக்குள் பன்றி வேட்டை நடக்கும், அதனால் அந்த மாதங்களில் கறுப்பும் பழுப்பும் போடாமல் பளிச்சென்ற சட்டை போடுங்கள். வேட்டை நடக்கிறது என்று பாதையோரம் பலகை வைத்திருந்தால், எவ்வளவு அழகான காடாக இருந்தாலும் திரும்பி வேறு வழியில் போங்கள்.