சிறைக்குள் ஓபியாய்டு சிகிச்சை: உயிரோடு விளையாடும் தவறுகள்

"ஆறு மாதம் உள்ளே இருந்தான், தொடவே இல்லை. இனிமேல் பயமில்லை." வீட்டார் நிம்மதியாகச் சொல்லும் வார்த்தை இது. ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளுக்கு அடிமையானவர் விஷயத்தில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை கிடையாது. சரக்கு கிடைக்காத மாதங்களில் உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும். ஏக்கம் மட்டும் இறங்காது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிய போதையால் சாகும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு இருந்தது.

அதனால்தான், உள்ளே வந்த அன்றே மருந்தை நிறுத்துவதைப் பெரிய தவறு என்கிறேன். ஓபியாய்டு அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோனோ பூப்ரெனார்ஃபினோ எடுத்து ஒழுங்காக இருந்தவரிடம் "இதுவும் போதைதானே" என்று சொல்லிப் பிடுங்கிவிடுகிறார்கள். சரியான அளவில் இவை கிறக்கம் தருவதில்லை, ஏக்கத்தை அடக்கி வைக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. திடீரென நிறுத்தினால் வாந்தியும் பேதியும் நாள்கணக்கில் படுத்தும். கவனிக்க ஆளில்லாத அறையில், நீர்ச்சத்து வற்றியே உயிர் போகலாம்.

மாத்திரை கைமாறிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். பூப்ரெனார்ஃபின் நாக்குக்கடியில் கரைய ஐந்து, பத்து நிமிடம் ஆகும்; அதற்குள் கன்னத்தில் ஒதுக்கி அப்புறம் துப்பிவிடுபவர்கள் உண்டு. கரையும்வரை உட்காரவைத்து வாயைத் திறந்து பார்க்கலாம், மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. பிடிபட்டவருக்குத் தண்டனையாகச் சிகிச்சையையே நிறுத்துவது மட்டும் கூடாது.

மூன்றாவது மருந்தான நால்ட்ரெக்சோன், மற்ற இரண்டைப்போல ஓபியாய்டு இல்லை, ஓபியாய்டின் வேலையைத் தடுப்பது என்பதால் அதிகாரிகளுக்கு அதன்மேல் ஒரு பிரியம். ஆனால் ஓபியாய்டு எதுவும் எடுக்காமல் குறைந்தது 7 முதல் 10 நாள் கடந்திருந்தால்தான் அதைத் தொடங்க முடியும். அவசரப்பட்டுக் கொடுத்தால் ஆள் துடித்துப்போவார். பூப்ரெனார்ஃபினையும் முந்தைய போதை இறங்குமுன் கொடுத்தால் இதே கதிதான். மெத்தடோன் நேர் எதிர்: உடம்பில் மெல்லச் சேர்ந்துகொண்டே போகும், அளவை வேகமாக ஏற்றக்கூடாது. இன்னொன்று, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் மெத்தடோனின் வேகம் குறையும். "மருந்து பத்தலை" என்று கைதி சொன்னால் நடிப்பு என்று ஒதுக்காமல் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

கடைசித் தவறு சிறை கேட்டில் நடக்கிறது. ஜாமீன் மாலையில் வரும், கிளினிக் மூடியிருக்கும், கையில் ஒருவேளை மருந்துகூட இருக்காது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-இல் மூன்று மருந்துகளையும் சிறைகளில் தரத் தொடங்கி, வெளியே தொடரவும் ஏற்பாடு செய்தது. அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்களில் போதை மிகையால் இறந்தவர்கள் 2016-இன் முதல் பாதியில் 26 பேர். 2017-இன் முதல் பாதியில் 9.

ஓபியாய்டு மிகையால் நின்ற மூச்சை மீட்கும் நலாக்சோன் மருந்தை வீட்டார் வாங்கி வைப்பது நல்லது. மூக்கில் அடித்ததும் ஆள் எழுந்துவிட்டார் என்று தனியே விட்டுவிடாதீர்கள். அதன் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், மூச்சு மறுபடி தடுமாறலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.